பழம் எங்கே? நிறம் இங்கே!

வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார். வெளியே வெயில் கொளுத்துகிறது. வீட்டுக்காரர் மகனைக் கூப்பிட்டுக் கையில் காசைத் திணித்து, "ஓடிப்போய் மாமாவுக்கு ஒரு கலர் வாங்கி வாடா" என்கிறார்.

"என்ன கலர் அப்பா?"

"ஆரஞ்சுக் கலர்!"

கவனித்தீர்களா, தோழர்களே! ஆரஞ்சுச் சாறு என்று அவர் சொல்லவில்லை. ஆரஞ்சுப் பானம் என்றும் சொல்லவில்லை. கலர் என்றார்! தலைமுறை தலைமுறையாக நம் ஊர்ச் சோடாக்கடைச் சரக்குக்கு வழங்கி வந்த பெயர் அதுதான். புட்டிக்குள் இருப்பது நிறம், தொண்டைக்குள் இறங்குவது நிறம், காசு கொடுப்பதும் நிறத்துக்கு. புட்டியின் மேலே பளபளக்கும் பழத்தின் படத்தை ஒட்டி முதலாளிமார்கள் மூடி மறைத்த உண்மையை, பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாமரன் ஒரே சொல்லில் போட்டு உடைத்துவிட்டான்!

சரி, பழம் எங்கே போயிற்று? பழமே இல்லாத இடத்தில் பழத்தின் மணம் வந்தது எப்படி? அந்த நிறத்தைக் குழைத்துக் கொடுத்தவர் யார்? குழைத்தவர் என்ன ஆனார்? குடித்தவர் என்ன ஆனார்? இந்தக் கேள்விகளுக்கு விடை வேண்டுமானால், சோடாக்கடையிலிருந்து கிளம்பி, கடல் கடந்து, 1851ஆம் ஆண்டு லண்டன் மாநகரத்தில் போய் நிற்க வேண்டும்.

ஹைடு பூங்காவிலே இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பப்பட்ட படிக மாளிகை. உள்ளே உலகப் பொருட்காட்சி. அறுபது லட்சம் பேர் பார்த்துச் சென்ற காட்சி! இந்தியாவிலிருந்து கொண்டுபோன கோஹினூர் வைரத்தைக் காண முண்டியடிக்கிறது கூட்டம். அங்கே, அவ்வளவாக எவரும் எட்டிப் பாராத இடத்தில், சில சின்னஞ்சிறு புட்டிகள். பேரிக்காய் எண்ணெய், ஆப்பிள் எண்ணெய், அன்னாசி எண்ணெய் என்று பெயர். மூடியைத் திறந்தால் பழத்தோட்டமே மணக்கிறது. ஆனால் உள்ளே பழம் ஒரு துளியும் கிடையாது.

ஹாஃப்மன் என்றொரு ஜெர்மானிய அறிஞர், லண்டன் ராயல் வேதியியல் கல்லூரியின் தலைவர். அவர் அந்தப் புட்டிகளை ஆராய்ந்தார். கண்டதென்ன?

சாராயம் வடிக்கும்போது கடைசியில் தேங்கும் கழிவு ஒன்று உண்டு. ஃபூசல் எண்ணெய் என்பார்கள். நாற்றம் மூக்கைத் துளைக்கும், நெஞ்சை அடைக்கும். அந்தக் கழிவிலிருந்து எடுத்த பொருளைக் காடியின் அமிலத்தோடு சேர்த்து, கந்தக அமிலத்தின் துணையோடு காய்ச்சினால் - பேரிக்காய் மணக்கிறது! வெண்ணெய் கெட்டுப்போனால் வீசுமே ஒரு முடைநாற்றம், அதற்குக் காரணமான அமிலத்தைச் சாராயத்தோடு இணைத்தால் - அன்னாசி மணக்கிறது! குப்பையிலிருந்து குண்டுமல்லி பூத்த கதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சீச்சீ! கழிவிலிருந்து வந்ததையா வாயில் வைப்பது?" என்று முகம் சுளிப்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. சாராயக் கழிவிலிருந்து செய்த அந்தப் பேரிக்காய் எண்ணெயின் சாரமான அதே பொருளைத்தான், ஐசோஅமைல் அசிடேட் என்ற அதே மூலக்கூறைத்தான், வாழைப்பழம் தன் தோலுக்குள்ளே தானே தயாரித்துக் கொள்கிறது! தேனீ கொட்டும்போது கூட்டாளிகளைக் கூவி அழைக்க வெளியிடும் மணத்திலும் அது உண்டு. மரத்தில் பிறந்ததா, ஆலையில் பிறந்ததா என்று கேட்டால் மூலக்கூறு பதில் சொல்லாது. அதற்குக் குலமும் இல்லை, கோத்திரமும் இல்லை. என்ன செய்கிறது, எவ்வளவு செய்கிறது என்பதுதான் கேள்வியே தவிர, எங்கே பிறந்தது என்பதல்ல. பிறப்பை வைத்து மதிப்புப் போடும் மடமை வேதியியலிலும் செல்லாது!

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அன்றைய இங்கிலாந்தில் அன்னாசி என்றால் பிரபுக்களின் பழம். அதற்கு முந்திய நூற்றாண்டில் விருந்து மேசையில் ஒப்புக்கு வைத்து அழகு பார்க்க, வாடகைக்கு அன்னாசி எடுத்தவர்களும் உண்டாம்! வெட்டித் தின்ன அல்ல, வைத்துப் பார்க்க! அப்படிப்பட்ட பழத்தின் மணத்தை, ஆலையில் வேலை பார்ப்பவனின் மகனும் ஒரு பென்னிக்கு வாங்கிச் சப்புமளவுக்கு இறக்கி வைத்தது அந்தச் சின்னப் புட்டி. விஞ்ஞானம் செய்த அந்த நன்மையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

அப்படியானால் வம்பு எங்கே வந்தது?

வம்பு வந்தது நிறத்தோடு.

உண்மையான பழத்தின் சுவை, நாதசுரமும் தவிலும் தாளமும் ஒத்தும் சேர்ந்து முழங்கும் மேளக் கச்சேரி போன்றது. நூற்றுக்கணக்கான மணப் பொருள்கள் கூடிச் செய்கின்ற வேலை அது. மிட்டாய்க்காரன் கையில் இருப்பதோ ஒன்று, இரண்டு, மிஞ்சினால் சில. ஒத்தை மட்டும் ஊதிவிட்டு, "இதுதான் கச்சேரி" என்றால் நம்ப வேண்டுமே! நம்ப வைக்க வந்ததுதான் நிறம். நாக்கு தயங்கும் இடத்தில் கண் சாட்சி சொல்கிறது. மஞ்சளாக இருந்தால் எலுமிச்சை, சிவப்பாக இருந்தால் செர்ரி, ஊதாவாக இருந்தால் திராட்சை!

ஐயமிருந்தால் இதைக் கேளுங்கள். 2001ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டிலே போர்டோ நகரத்தில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒயினைப் பற்றியே பாடம் படிக்கும் மாணவர்கள் 54 பேர். அவர்களிடம் வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள், அதன் மணத்தை விவரித்தார்கள். பிறகு அதே வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். அந்த மாணவர்கள் என்ன செய்தார்கள்? சிவப்பு ஒயினுக்கு என்னென்ன சொற்களைச் சொல்வார்களோ அத்தனையையும் வரிசையாகச் சொன்னார்கள்! படித்துப் பழகிய மூக்கே ஏமாந்தது. பள்ளி விட்டு ஓடிவரும் பிள்ளை என்ன செய்யும், பாவம்!

இந்த நிறம் எங்கிருந்து வந்தது?

தொடக்க காலத்தில் அது மண்ணுக்கடியிலிருந்து வந்தது. தின்பண்டக் கலப்படத்தைத் தோலுரித்து 1820இல் லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார் அக்கம் என்ற வேதியியலாளர். 1850களில் ஹசல் என்ற மருத்துவர், நுண்ணோக்கியும் கையுமாகக் கடை கடையாகச் சரக்கு வாங்கிச் சோதித்தார். குழந்தைகள் சப்பும் மிட்டாயில் அவர் கண்டவை: சிவப்புக்கு ஈயச் செந்தூரமும் பாதரசத்தில் செய்த சாதிலிங்கமும், மஞ்சளுக்கு ஈயக் குரோமேட்டு, பச்சைக்குச் செம்பும் நஞ்சுப் பாஷாணமும் கலந்த கூட்டு! வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசும் பொருளை வயிற்றுச் சுவருக்குப் பூசினார்கள். லான்செட் என்ற மருத்துவ ஏடு துணிந்து ஒரு காரியம் செய்தது. கலப்படம் செய்த கடைக்காரர்களின் பெயரையும் முகவரியையும் அச்சிட்டு வெளியிட்டது. பேனா பிடித்தவர்கள் பெருமைப்பட வேண்டிய காரியம்!

இவ்வளவுக்குப் பிறகும் ஊர் விழித்ததா? 1858 அக்டோபர் இறுதியில், பிராட்ஃபோர்டு என்ற ஆலைத் தொழிலாளர் நகரத்துச் சந்தையில் ஒரு கடை. புதினா மிட்டாய் விற்பனை. சர்க்கரை விலை கூடுதல் என்பதால், விலை மலிந்த ஒரு வெள்ளைப் பொடியைச் சர்க்கரையோடு கலப்பது அந்தக் காலத்து வழக்கம். அந்தப் பொடி என்று எண்ணி மருந்துக்கடையில் எடுத்துக் கொடுத்தது, அடையாளச் சீட்டு இல்லாத பீப்பாயிலிருந்த பாஷாணம்! மிட்டாயின் நிறம் வழக்கம்போல் இல்லை என்பதைச் சந்தைக் கடைக்காரர் கண்டார். கண்டு என்ன செய்தார்? அதைக் காரணம் காட்டி விலையைக் குறைத்து வாங்கினார்! தின்று மடிந்தவர்கள் சுமார் 20 பேர். நோயில் விழுந்தவர்கள் சுமார் 200 பேர். விற்றவரும் நோயில் விழுந்தார். வழக்கு நடந்தது. தண்டனை பெற்றவர் ஒருவரும் இல்லை. கலப்படத்தைத் தடுக்கப் பிரிட்டனில் 1860இல் சட்டம் வந்தது. பிணங்கள் வரிசையாய்க் கிடந்தபின் பிறந்த சட்டம் அது!

இதற்கிடையில் நிறத்தின் கதையில் ஒரு திருப்பம். பழ எண்ணெயை முகர்ந்து பார்த்தாரே ஹாஃப்மன், அவருடைய மாணவன் பெர்கின், வயது பதினெட்டு. 1856இல் ஈஸ்டர் விடுமுறையில் வீட்டிலேயே அமைத்திருந்த ஆய்வுக்கூடத்தில் மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவைச் செய்ய முயன்றான். மருந்து வரவில்லை. குடுவையில் கறுப்புக் கசடு. அதைக் கழுவப் போனவன் கண்முன்னே தகதகவென்று ஊதா நிறம்! மூலப்பொருள் என்ன? விளக்கெரிக்கும் வாயு தயாரித்தபின் ஆலைகளில் மிஞ்சும் நிலக்கரித் தார். மறுபடியும் ஒரு கழிவு! அன்று திறந்த கதவின் வழியே சிவப்பும் மஞ்சளும் நீலமும் அணிவகுத்து வந்தன. 1884இல் வந்த டார்ட்ரசின் என்ற மஞ்சள், இன்றும் நம் தின்பண்டப் பொட்டலங்களில் 102 என்ற எண்ணோடு உட்கார்ந்திருக்கிறது.

ஆக, மணமும் நிறமும் ஒரே ஆசானின் நிழலில் அடுத்தடுத்து வளர்ந்தன. இரண்டும் கழிவில் பிறந்தன, இரண்டும் காசாய்ப் பெருகின. அந்தக் காசை எண்ணியவர்களைப் பற்றி வரலாறு நிறைய எழுதி வைத்திருக்கிறது. சாயத்தைக் கிண்டியவர்களைப் பற்றி?

தோழர்களே, இங்கே சற்று நில்லுங்கள். 1895இல் ஜெர்மனியில் பிராங்க்ஃபர்ட் நகரத்து அறுவை மருத்துவர் ரேன் ஒரு செய்தியை வெளியிட்டார். ஃபூக்சின் என்ற சிவப்புச் சாயத்தைத் தயாரிக்கும் ஆலையில் வேலை செய்த 45 தொழிலாளர்களில் மூவருக்கு மூத்திரப்பையில் கட்டி! எண்ணிப் பாருங்கள், நாற்பத்தைந்தில் மூன்று! சாயம் செய்யும் வழியில் வரும் நாப்தைலமின், பென்சிடின் போன்ற பொருள்களே கொலைகாரர்கள் என்பது பின்னாளில் தெளிவாயிற்று. ஆண்டுக்கணக்கில் ஆவியை மூச்சில் வாங்கி, பொடியைத் தோலில் வாங்கி, சிவந்த கையோடு வீட்டுக்குப் போன தொழிலாளிக்குக் கூலி கொடுத்தார்கள். கூலியோடு நோயையும் கொடுத்தார்கள். அந்த நோய் பல ஆண்டு கழித்து, அவன் ஆலையை விட்டு விலகிய பிறகுகூட, மெல்ல வந்து கதவைத் தட்டியது.

பழங்கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2000ஆம் ஆண்டு, விஞ்ஞானம் விண்ணை அளந்த காலம், அமெரிக்காவில் மிசௌரி மாநிலம் ஜாஸ்பர் என்ற ஊர். சோளப்பொரி தயாரிக்கும் ஆலையில் முன்பு வேலை பார்த்த எட்டுப் பேருக்கு மூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைத்துக்கொள்ளும் கொடிய நோய். தேடிப் பார்த்தால், பொரிக்கு வெண்ணெய் மணம் ஊட்டச் சேர்த்த கலவையில் இருந்த டயாசெட்டில் என்ற பொருளின் ஆவி! தின்பவனுக்கு அந்தச் சிறு அளவு தீங்கு செய்யாது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அண்டா அண்டாவாகக் கலக்குகிறவனின் நுரையீரலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சுவைக்கு விலை போட்டவர்கள் சுவாசத்துக்குப் போடவில்லை!

இனித் தின்பவன் கதைக்கு வருவோம். தார்ச் சாயம் மலிவு. ஒரு சிட்டிகை போதும், ஒரு பீப்பாய் பானம் சிவக்கும். துணிக்குப் போட்ட சாயத்தையே தின்பண்டத்துக்கும் போட்டார்கள். அமெரிக்க அரசு 1907இல் கணக்கெடுத்தபோது உணவுக்கென்று சந்தையில் இருந்த சாயங்கள் சுமார் 80. ஹெஸ்ஸி என்ற வேதியியலாளர் ஆராய்ந்து தந்த பட்டியலின்படி அனுமதி பெற்றவை ஏழு. எண்பதில் ஏழு!

அந்த ஏழும் ஏழு உத்தமர்களா? அதுவும் இல்லை. 1950இல் ஹாலோவீன் பண்டிகைக்குச் செம்மஞ்சள் மிட்டாய் தின்ற குழந்தைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். காரணமான ஆரஞ்சு எண் 1 என்ற சாயம், அந்த ஏழு பேர் பட்டியலில் ஒன்று! சில ஆண்டுகளில் அது உணவிலிருந்து விரட்டப்பட்டது. 1960இல் அமெரிக்காவில் புதுச் சட்டம் வந்தது. நஞ்சு என்று அரசு மெய்ப்பிக்க வேண்டியதில்லை, தீங்கற்றது என்று தயாரிப்பவனே மெய்ப்பிக்க வேண்டும் என்றது அது. நியாயமான சட்டம்! மடியில் கனமில்லாதவன் மெய்ப்பிக்கட்டுமே!

இந்தச் சட்டத்தின் பிடியில் சிக்கியது சிவப்பு எண் 2. புற்றுநோய்ச் சந்தேகத்தால் 1976இல் தடை. தடைக்கு முன்பே, 1970களின் தொடக்கத்தில், சந்தேகம் சூழ்ந்தபோதே ஒரு வேடிக்கை நடந்தது. செர்ரிக்குச் சிவப்பு, ஸ்ட்ராபெர்ரிக்குச் சிவப்பு, தர்ப்பூசணிக்கும் சிவப்பு. ராஸ்பெர்ரிக்கு என்ன செய்வது? "நீலமாக்கு!" என்றார்கள் வணிகர்கள். கடையில் நாம் காணும் ராஸ்பெர்ரி பழம் செக்கச் சிவந்தது. புட்டியில் அது நீல வண்ணக் கண்ணனாகிவிட்டது! இன்று நீல நிறத்தைக் கண்டால் "ராஸ்பெர்ரி" என்று சொல்லும் பிள்ளைகள் அமெரிக்காவில் உண்டு. பழத்தைப் பார்த்து நிறத்தைப் படித்தது போய், நிறத்தைப் பார்த்துப் பழத்தைப் படிக்கும் காலம் வந்துவிட்டது.

இன்னொரு வேடிக்கை, இது சற்றுக் கசப்பானது. சிவப்பு எண் 3 என்றொரு சாயம். எலிகளுக்குத் தைராய்டுக் கட்டி வந்தது கண்டு, 1990இல் அமெரிக்க அரசு அதை அழகுப் பொருள்களில் தடை செய்தது. உணவில்? அனுமதி தொடர்ந்தது! அதாவது உதட்டின் மேலே பூசக் கூடாது, உதட்டைத் தாண்டி உள்ளே போகலாம்! எலிக்கு வந்த வழியில் மனிதனுக்கு வராது என்று அதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் சட்டம் உதட்டுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என்று இருக்கலாமா? உணவில் அதன் அனுமதியை நீக்கும் ஆணை 2025 ஜனவரியில்தான் வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள்!

2007இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் ஆய்வு வந்தது. சில சாயங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானத்தைப் பருகிய குழந்தைகளிடம் துடுதுடுப்பு கூடியதைக் கண்டது. எல்லாக் குழந்தைகளிடமும் ஒரே அளவில் அல்ல, ஆயினும் கண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜூலை முதல் அந்த ஆறு சாயங்கள் சேர்ந்த பண்டங்களின் மேல், குழந்தைகளின் செயலையும் கவனத்தையும் பாதிக்கக் கூடும் என்று எச்சரிக்கை அச்சிட வைத்தது. அந்த ஆறில் நான்கு, இந்தியச் சட்டம் உணவில் அனுமதித்த எட்டுச் செயற்கைச் சாயங்களின் பட்டியலில் இடம்பெற்றவை: 102, 110, 122, 124.

அனுமதி பெற்ற சாயத்தின் கதை இது. அனுமதியே இல்லாத சாயத்தின் கதை நம் வாசலுக்கே வந்தது. 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயைச் சோதித்தார்கள். குழந்தைகள் குதித்தோடி வாங்கும் அந்த இளஞ்சிவப்புப் பஞ்சில் இருந்தது ரோடமின் பி. துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம்! முதலில் புதுச்சேரியும், பின்னர் தமிழ்நாடு அரசும் விற்பனைக்குத் தடை விதித்தன. ஹசல் லண்டன் கடைகளில் கண்ட அதே காட்சி, ஊரும் பொடியும் மட்டும் வேறு!

அப்போது சிலர், கழியில் பொட்டலங்களைக் கட்டித் தெருத்தெருவாக அலைந்த பையன்மீது பாய்ந்தார்கள். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவன். சர்க்கரையோடு கலக்கப் பொடியை வாங்கினான். அந்தப் பொடி துணிக்கா, தொண்டைக்கா என்று பொட்டலத்தின் மேல் தெளிவாக எழுதியிருந்ததா? எழுதியிருந்தாலும் அவன் படிக்கும் மொழியில் இருந்ததா? பாஷாணப் பீப்பாய்க்குச் சீட்டு இல்லாததால் பிராட்ஃபோர்டில் பிணம் விழுந்தது. சீட்டு என்பது சின்ன விஷயமல்ல, தோழர்களே! உயிரைக் காப்பது சில நேரம் கத்தியல்ல, காகிதத் துண்டு!

ஆகவே நான் சொல்வது இதுதான். செயற்கை என்றாலே நஞ்சு, இயற்கை என்றாலே அமுது என்று தலையாட்ட வேண்டாம். ஈயமும் பாதரசமும் பாஷாணமும் பூமித் தாயின் இயற்கைப் பிள்ளைகள்தாம்! வாழைப்பழ மணத்தைச் செய்த வேதியியலாளன் நம் எதிரி அல்ல. கலப்படத்தைக் கண்டுபிடித்தவனும் வேதியியலாளன்தான், ரோடமினைக் காட்டிக்கொடுத்ததும் ஆய்வுக்கூடம்தான். எதிரி யார் தெரியுமா? என்ன கலந்தான் என்று சொல்ல மறுப்பவன். சொன்னாலும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், புரியாத எண்ணில் சொல்பவன். கலக்குகிறவனின் மூச்சையும் குடிக்கிறவனின் வயிற்றையும் கணக்கில் சேர்க்காமல் லாபத்தை மட்டும் கூட்டுபவன்.

அடுத்த முறை பிள்ளைக்குப் பொட்டலம் வாங்கும்போது, முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்து எழுத்தைப் பாருங்கள். 102, 110, 122, 124 என்ற எண்கள் இருந்தால் அவை சாயங்கள் என்று பிள்ளைக்கும் சொல்லுங்கள். எழுத்தே இல்லாத பொட்டலமானால் கடைக்காரரிடம் கேளுங்கள், ஏன் இல்லை என்று. சாயப்பட்டறையிலோ மணச்சரக்கு ஆலையிலோ வேலை பார்க்கும் தோழரானால், கையில் எடுக்கும் பொடியின் பெயர் என்ன, அது உடம்பை என்ன செய்யும் என்று மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். தனியாகக் கேட்டால் முறைப்பார், சங்கமாகக் கேட்டால் பதில் சொல்வார்.

நம் பாமரன் நேர்மையானவன். குடிப்பது கலர் என்று தெரிந்து, கலர் என்றே பெயர் வைத்துக் குடித்தான். அவனுக்கிருந்த அந்த நேர்மை, விற்பவனின் சீட்டில் இருக்கிறதா?